எச்டிஎம்எல்லைத் தூக்கி எறிய முன்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விடுதிக்கு இணையத்தளம் செய்தபோது நான் ஒரு பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல், அதை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் பழங்கஞ்சி, இனி எல்லாம் பைட்கோட்தான் (இயந்திரத்துக்கு நெருக்கமாக முன்கூட்டியே மாற்றிய கட்டளைகள்) என்று யாரோ சொன்னதை நம்பி, அறை, வாடகை, புறாத்தீவுக்குப் படகு என்று முழுத் தளத்தையும் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதி, வெப்அசெம்பிளி என்ற, பிரவுசர் ஓட்டும் பைட்கோடாகக் கம்பைல் செய்து (மாற்றி), பக்கத்தில் படம் வரையும் இடமான ஒரே கேன்வாஸில் வரைந்துவிட்டேன். பார்க்க ஷோக்காகத்தான் இருந்தது. விடுதிக்கார அன்ரி தன் போனில் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நம்பரை அமத்தினா கோல் போகுதில்லையே?"

எப்படிப் போகும்? அங்கே இருந்தது நம்பர் மாதிரி வரைந்த படம். அதைக் கொப்பி பண்ண முடியாது, பக்கத்துக்குள் தேட முடியாது, வெளிநாட்டுக்காரர் நிறைய வரும் ஊரில் மொழிபெயர்க்கவும் முடியாது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு வாசிக்க ஒன்றுமில்லை, கூகுளுக்கும் ஒன்றுமில்லை. நான் விட்ட தவறுகளில் பெரியது இதுதான்.

அடுத்தது, ஜாவாஸ்கிரிப்ட் இனித் தேவையில்லை என்று நினைப்பது. வெப்அசெம்பிளி 2017இல் நான்கு பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது, 2019 டிசம்பரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாகவும் ஆனது. ஆனால் பக்கத்தின் உறுப்புகளை அதனால் நேரடியாகத் தொட முடியாது, இடையில் ஜாவாஸ்கிரிப்ட் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் அதற்குத் தெரிந்ததே நான்கு வகை எண்கள்தான். "அறை காலி" என்று ஒரு சொல்லை அனுப்பவே, அதைப் பைட்டுகளாக்கி நினைவகத்தில் வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். பைட்கோட் என்றாலே வேகம் என்று ஒவ்வொரு பட்டனுக்கும் அதைக் கூப்பிட்டால், இந்தப் போக்குவரத்திலேயே வேகமெல்லாம் கரைந்துவிடும்.

அப்புறம், எச்டிஎம்எல்லில் ஒரு டேக்கை (குறியை) மூட மறந்தாலும் பிரவுசர் எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும். வெப்அசெம்பிளிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது: கோப்பின் முதல் நான்கு பைட்டும் 0, 97, 115, 109 என்று இருக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் முழுக் கோப்பும் தள்ளுபடி. சர்வரில் கோப்பு வகையைச் சரியாகக் குறிக்காவிட்டால், இறங்க இறங்கவே கம்பைல் ஆகும் வசதியும் போய்விடும் (இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு இரவு போனது).

முன்பு பிரவுசரில் ஓடி, பிறகு வழக்கொழிந்த ஜாவா ஆப்லெட்டையும் ஃப்ளாஷையும் காட்டி, வெப்அசெம்பிளியும் அப்படித்தான் போகும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவை வெளியிலிருந்து ஒட்டவைத்த பிளகின்கள், 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷின் கதையும் முடிந்தது. இது பிரவுசருக்குள்ளேயே இருப்பது, அவ்வளவு சுலபமாகப் போகாது. ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலி மாதிரிக் கனமான வரைகலை வேலைக்கு இது நல்ல சாமான். விடுதியின் வாடகைப் பட்டியலுக்கு ஏன்?

இப்போது அந்தத் தளம் வெறும் எச்டிஎம்எல். வெப்அசெம்பிளி ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அன்ரி போனில் எடுக்கும் கடற்கரைப் படங்களை ஏற்றுவதற்கு முன் சுருக்குகிறது. நம்பரை அமத்தினால் கோலும் போகிறது.