புயலுக்கு முன்னால் தொட்டியை நிரப்புங்கள்

பேராவூரணிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா எங்களைப் புரட்டிப் போட்டபோது, ஊர் மோட்டாரையெல்லாம் ஓடவைக்கிறவன் நான், என் வீட்டுத் தொட்டியில் அரைச் சாண் தண்ணீர்தான் கிடந்தது. ராத்திரி போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ராத்திரி கரண்டு இல்லை. அப்புறம் பதினெட்டு நாளைக்கும் இல்லை.

லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் சாய்ந்த புயல் அது. மரத்தை வெட்டி வழி எடுத்து, கம்பம் நட்டு, கம்பி இழுத்து வருவதற்குள் மாதம் ஓடிவிடும். ஆகவே நான் சொல்வதில் பாதி தண்ணீர்க் கதையாகத்தான் இருக்கும்.

ஐப்பசி பிறந்து ‘தாழ்வு மண்டலம்’ என்று செய்தியில் கேட்டதுமே தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். குடிக்க மட்டும் இல்லை. வெறும் பிளாஸ்டிக் தொட்டி மொட்டைமாடியிலிருந்து பறந்துபோகும். 1,000 லிட்டர் தண்ணீர் உள்ளே இருந்தால் ஒரு டன் கனம், அசையாது. மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். அண்டா, குடம், டிரம் எல்லாவற்றையும் பிடித்து வைத்துவிட்டு, குடிக்கிற தண்ணீரைத் தனியாக மூடி வையுங்கள். தெருவில் அடிபம்பு இருந்தால் இப்போதே வாஷர் மாற்றிவிடுங்கள். நாலு வருடமாக யாரும் சீண்டாத எங்கள் தெரு பம்புக்கு அந்த வாரம் விடியற்காலை நாலு மணிக்கே குடம் வரிசையில் நின்றது.

ஜெனரேட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட்தானே என்று ஒரு கிலோவாட் ஜெனரேட்டரைத் தூக்கி வராதீர்கள். ஓட ஆரம்பிக்கிற நொடியில் மோட்டார் பல மடங்கு இழுக்கும். ஜெனரேட்டர் மூச்சடைத்து நின்றுவிடும். இரண்டரை, மூன்று கே.வி.ஏ. திறன் உள்ளது வேண்டும். தெருவுக்கே சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைக்காதீர்கள், புகை ஆளைக் கொல்லும். மோட்டாருக்கு நேரடியாகத் தனி வயர் இழுங்கள். வீட்டு ஒயரிங்கில் செருகினால் அந்தக் கரண்டு டிரான்ஸ்பார்மர் வழியாக ஏறி, கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிரை எடுத்துவிடும்.

சரி, காற்றுக்கு வருவோம். வீட்டை ஒட்டிய தென்னையில் முற்றின குலையையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள். தகரம், ஏணி, பூந்தொட்டி எதுவும் வெளியில் கிடக்கக் கூடாது. ஓட்டு வீட்டுக்காரர்கள் கௌரவம் பார்க்காமல் பொழுதோடு பக்கத்து மெத்தை வீட்டுக்குப் போய்விடுங்கள், நாங்கள் போனோம். மாட்டை மரத்தடியில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடாலியையும் அரிவாளையும் வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள், விடிந்ததும் முதலில் அதுதான் வேண்டியிருக்கும்.

அன்றைக்கு வடக்கேயிருந்து அடித்த காற்று ஒரு நேரத்தில் சட்டென்று அடங்கியது. மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாழ்ப்பாளில் கை வைத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “இருடா. இன்னும் சோழகம் வரல.” 1977 புயலைப் பார்த்தவர். சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தப்பி நின்ற மரமெல்லாம் அப்போதுதான் விழுந்தது. புயலின் கண் தலைக்கு மேலே போனால் அப்படித்தான். காற்று நின்றதும் கதவைத் திறக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதும். மாவு அரைக்க கிரைண்டர் ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இருக்கிற சிலிண்டர் எப்போது தீரும் என்று தெரியாது, ஆகவே நனையாத இடத்தில் கொஞ்சம் விறகு. அம்மாவின் இன்சுலினை ஒரு சின்னப் பானையில் வைத்து, அதைப் பெரிய பானைக்குள் இறக்கி, இடையில் ஈர மணலைப் போட்டு நிழலில் வைத்திருந்தோம். ஃபிரிட்ஜில் வைத்த மற்றதெல்லாம் குப்பைக்குத்தான் போனது. ஏ.டி.எம். ஓடாது, சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077: இரண்டையும் சுவரில் எழுதுங்கள், செல்போன் செத்தால் அதிலிருக்கிற நம்பரும் சேர்ந்து போய்விடும். இன்வெர்ட்டரில் ஃபேனைப் போடாதீர்கள். ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு போன் என்று சிக்கனமாக விட்டால் இரண்டு மூன்று ராத்திரி ஓட்டலாம்.

காற்று தொடங்கும் முன்பே மெயினை இறக்கி, பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். அறுந்து கிடக்கிற கம்பி எதையும் செத்த கம்பி என்று நம்பாதீர்கள்.

கரண்டு திரும்பி வருகிற நாள் இன்னொரு கண்டம். அவசரத்தில் இழுத்த லைனில் நியூட்ரல் (கரண்டு திரும்பிப் போகிற கம்பி) சரியாகச் சேராமல் இருந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரைக்கும் ஏறும். அந்த மாதம் என் கடைக்கு வந்த மோட்டாரில் பாதி புயலில் கெட்டதே இல்லை, கரண்டு வந்த சந்தோஷத்தில் எரிந்தது. ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு வைத்துக்கொள்ளுங்கள். மெயினைத் தூக்கியதும் அதை மட்டும் போட்டுப் பாருங்கள். எப்போதும் போல மஞ்சளாக எரிந்தால், ஐந்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடலாம். கண் கூசுகிற மாதிரி வெள்ளையாக எரிந்தால் உடனே மெயினை இறக்கிவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். வருகிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள், அவர் சாப்பிட்டு எத்தனை நேரமோ.