மூத்த குவார்ட்டர்பேக்குக்கு வாரிசு: அணிகள் சறுக்கும் இடங்கள்

2005 ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்டில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி 24-வது தேர்வாக ஆரோன் ராட்ஜர்ஸை எடுத்தது. அப்போது அந்த அணியின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுக்கு வயது 35. ராட்ஜர்ஸ் மூன்று சீசன்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். 2008-ல் அணி அவர் கைக்கு வந்தது. 2011 பிப்ரவரியில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வென்றார். வயதாகும் நட்சத்திரத்துக்கு வாரிசு தேடும் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கதையைத்தான் முன்னால் வைப்பார்கள். நல்ல பையனாகப் பார்த்து எடு, மூன்று வருடம் உட்காரவை, தானாகப் பழுத்துவிடுவான் என்று.

இப்படிச் செய்து கெட்ட அணிகளின் பட்டியல்தான் நீளம். அதில் பெரும்பாலானவை பையனின் கைவலிமையைத் தப்பாக எடைபோட்டதால் மட்டும் கெடவில்லை. காலக் கணக்கில் கோட்டைவிட்டதால் கெட்டன. பெரியவர் இன்னும் எத்தனை வருடம் ஆடுவார், சின்னவரின் ஒப்பந்தம் எப்போது முடியும், இந்த முடிவை எடுத்த மேலாளர் அதுவரை வேலையில் இருப்பாரா என்று மூன்று கணக்குகள் உண்டு. மூன்றும் ஒரே நாளில் வந்து சேருவது அபூர்வம்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அணி பந்தை வைத்திருக்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் முதலில் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று இரண்டு மூன்று விநாடிகளில் முடிவெடுப்பவர் அவர்தான். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வரிசையாகப் பங்கிட்டுக்கொள்வது. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. ஆகவே நன்றாக ஆடும் மூத்த குவார்ட்டர்பேக் இருக்கும் அணிக்கு வரிசையில் கடைசிப் பக்கம்தான் இடம் கிடைக்கும். மிகச் சிறந்த பையன்கள் அதற்குள் போயிருப்பார்கள்.

வேலை ஆட்டம் கண்டிருக்கும் ஆளிடம் இந்த முடிவை விடுவது

கிரீன் பே கதையில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. ராட்ஜர்ஸை எடுத்த டெட் தாம்ப்ஸன் அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஜெனரல் மேனேஜர் (அணிக்கு ஆள் எடுக்கும் மேலாளர்) ஆகியிருந்தார். அவருடைய முதல் டிராஃப்டின் முதல் தேர்வே அதுதான். பலன் மூன்று வருடம் கழித்து வந்தால் போதும் என்று உட்கார அவருக்கு நேரம் இருந்தது. போதாக்குறைக்கு அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர் மக்களும் ரசிகர்களும் பங்குதாரர்கள். தோல்விக்குப் பிறகு கோபத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் கோடீஸ்வரர் அங்கே இல்லை. அந்த டிராஃப்டின்போது பயிற்சியாளராக இருந்த மைக் ஷெர்மனோ அந்த சீசன் முடிந்ததும் நீக்கப்பட்டார். அவருக்கு அந்த 24-வது தேர்வால் ஒரு காசு பயனில்லை.

அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரும் பையனுக்காக நேரம் செலவிட மாட்டார். செலவிடச் சொல்வதும் நியாயமில்லை. வாரிசை எடுக்கும் நாளில் மேலாளரின் நாற்காலி உறுதியாக இல்லையென்றால், எடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. அடுத்து வருபவர் தனக்குப் பிடித்த பையனைத்தான் தேடுவார்.

வயதை மட்டும் வைத்து நாள் குறிப்பது

1992-ல் டென்வர் பிராங்கோஸ் முதல் சுற்றில், 25-வது தேர்வாக டாமி மேடக்ஸை எடுத்தது. அப்போது அணியின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வேக்கு 31 வயதுதான். சில மாதங்களுக்கு முன்புதான் அணியை சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்பான ஆட்டம் வரை கொண்டுபோயிருந்தார். அவருக்கும் பயிற்சியாளர் டான் ரீவ்ஸுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த உரசல் இதில் முற்றியது. சீசன் முடிவில் ரீவ்ஸ் வெளியேற்றப்பட்டார். 1994-ல் மேடக்ஸ் வேறு அணிக்குப் போனார். எல்வே 1999 வரை இருந்து, இரண்டு சூப்பர் பவுல் வென்று, தன் விருப்பப்படி ஓய்வு பெற்றார். அவர் எறிவதைப் பிடிக்க ஒரு நல்ல ரிசீவரை அந்தத் தேர்வில் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

2020-ல் கிரீன் பேவும் இதே கணக்கைப் போட்டது. ராட்ஜர்ஸுக்கு 36. முந்தைய சீசனில் அணி 13 வெற்றி பெற்றிருந்தாலும் அவர் எறிந்த விதத்தில் பழைய மின்னல் இல்லை என்று பலர் எழுதினார்கள். 30-வது இடத்திலிருந்து 26-க்கு ஏறி, அதற்கு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் விலையாகக் கொடுத்து, யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் லவ்வை எடுத்தார்கள். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டு 48 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், எதிரணி பறித்த பந்துகள், அதாவது இன்டர்செப்ஷன், ஐந்தே ஐந்து. லீகின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குத்தான். 2021-லும் அவருக்கே. சரிகிறார் என்று நினைத்த ஆள் இரண்டு வருடம் உச்சியில் நின்றார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸ் 2017 இறுதியில் தன் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கை உட்காரவைத்தது. தொடர்ந்து 210 ஆட்டங்களில் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறங்கிய மனிதர். ஊரே கொதித்தது. அடுத்த ஆட்டம் தோற்ற மறுநாளே பயிற்சியாளர், மேலாளர் இருவருமே வெளியே. அந்தச் சூட்டில் புதிதாக வந்தவர்கள் ஈலை இன்னும் ஆடுவார் என்று நம்பி, 2018-ல் கையில் இருந்த இரண்டாவது தேர்வில் பந்தை ஏந்தி ஓடும் வீரர் சக்வான் பார்க்லியை எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்குகளில் ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும், லமார் ஜாக்ஸன் 32-வதாகவும் போனார்கள். ஒரு வருடம் கழித்து, 38 வயது ஈலைக்கு வாரிசாக ஆறாவது தேர்வில் டேனியல் ஜோன்ஸ். இரண்டே ஆட்டத்தில் ஈலையின் இடம் போயிற்று. 2024 நவம்பரில் ஜோன்ஸையும் விடுவித்தார்கள். அவசரப்பட்ட அணிக்காவது கையில் ஒரு பையன் மிஞ்சுவான். ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து தள்ளிப்போடுவதை இதைவிட மோசமான தவறு என்றுதான் சொல்வேன்.

ஒப்பந்தம் எப்போது முடியும் என்று பாராமல் எடுப்பது

அதிகம் கெடுப்பது இதுதான். ரசிகர்கள் அதிகம் பேசாததும் இதுதான்.

2011-ல் லீகும் வீரர் சங்கமும் போட்ட உடன்படிக்கைக்குப் பிறகு, புதுமுகங்களின் சம்பளம் அவர்கள் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமாகிவிடுகிறது. ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு மட்டும் ஐந்தாவது வருடத்தையும் சேர்த்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. மூன்றாவது சீசன் முடிந்த பின் வரும் மே மாதத் தொடக்கத்தில் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும். லீகில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், மலிவான இளம் குவார்ட்டர்பேக் இருக்கும் வருடங்களில்தான் மிச்சப் பணத்தில் மற்ற நல்ல ஆட்களை வாங்க முடியும். பையனை மூன்று வருடம் உட்காரவைத்தால் அந்த மலிவான காலத்தை அவன் ஆடாமலேயே கரைக்கிறோம் என்று பொருள். 2005-ல் இப்படி ஒரு கணக்கு இல்லை.

நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2014-ல் இரண்டாம் சுற்றில், 62-வது தேர்வாக ஜிம்மி கரோப்போலோவை எடுத்தபோது டாம் பிரேடி 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். எந்த அளவுகோலிலும் நியாயமான முடிவு. ஆனால் இரண்டாம் சுற்று என்பதால் ஐந்தாம் வருட உரிமை கிடையாது; 2017 சீசனோடு ஒப்பந்தம் முடியும். 2017-ல் பிரேடிக்கு 40. ஆனாலும் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர் அவர்தான். பெஞ்சில் இருப்பவருக்கு முதல்நிலைச் சம்பளம் கொடுக்கவும் முடியாது, பிரேடியை அனுப்பவும் முடியாது. சீசன் நடுவில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்குக் கரோப்போலோவை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். 2019 பிப்ரவரியில் பிரேடியோடு இன்னொரு சூப்பர் பவுல் வந்தது, அதை மறுக்க முடியாது. 2020-ல் பிரேடி டாம்பா பே போய் அங்கேயும் கோப்பை வென்றபோது நியூ இங்கிலாந்திடம் வாரிசு என்று யாரும் இல்லை. அந்த ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வி.

டென்வரில் பிராக் ஆஸ்வைலர் கதையும் இதே அச்சு. 2012-ல் 36-ஐ நெருங்கிய பேட்டன் மேனிங்கை அழைத்துவந்த கையோடு, இரண்டாம் சுற்றில் 57-வதாக எடுக்கப்பட்டவர். நான்காவது வருடம் மேனிங் காயப்பட்டபோது ஏழு ஆட்டங்களைத் தொடங்கி ஐந்தை வென்றார். கடைசியில் மேனிங்கே திரும்பிவந்து சூப்பர் பவுல் ஆடி வென்றார். ஒப்பந்தம் முடிந்த ஆஸ்வைலர் நான்கு வருடம், 7.2 கோடி டாலருக்கு ஹியூஸ்டன் போய்விட்டார். ஹியூஸ்டன் அந்த ஏழு ஆட்டங்களை நம்பிப் பணம் கொட்டி, ஒரே வருடத்தில் அவரைத் தள்ளிவிட ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான்கு வருடம் காத்திருந்து டென்வருக்குக் கிடைத்தது ஏழு ஆட்டம்.

பால்டிமோர் ரேவன்ஸ் இதை நன்றாகப் படித்திருந்தது. 2018-ல் முதல் சுற்றின் கடைசி இடமான 32-க்கு விலை கொடுத்து ஏறி லமார் ஜாக்ஸனை எடுத்தார்கள். சில இடங்கள் காத்திருந்தால் இரண்டாம் சுற்றிலும் அவர் கிடைத்திருக்கலாம். முதல் சுற்று என்பதால் ஐந்தாவது வருடம் கைக்கு வந்தது. மூத்த குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவுக்கு இடுப்பில் அடிபட்டதும் நவம்பரில் ஜாக்ஸன் இறங்கி ஏழில் ஆறு வென்றார். மறுவருடமே மதிப்புமிக்க வீரர்.

பெஞ்சே பாடம் சொல்லித்தரும் என்று நம்புவது

உட்கார்ந்து பார்ப்பதால் யாரும் கற்றுவிடுவதில்லை. ராட்ஜர்ஸ் கல்லூரியிலிருந்து வந்தபோது பந்தைக் காதருகே உயர்த்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. மைக் மெக்கார்த்தி பயிற்சியாளரான பிறகு ஆண்டுதோறும் குவார்ட்டர்பேக்குகளுக்கென்று தனிப் பள்ளியே நடத்தி அதை மாற்றினார்கள். வாரநாள் பயிற்சியில் எதிரணியின் ஆட்டத்தைப் போலச் செய்துகாட்டும் இரண்டாம்நிலை அணியை நடத்துவது ராட்ஜர்ஸின் வேலை. அதையே நிஜ ஆட்டம்போல் ஆடி, தங்கள் தடுப்பு வீரர்களையே திணறடித்தார். 2007 நவம்பரில் டாலஸில் ஃபார்வ் அடிபட்டு வெளியேறியதும் உள்ளே வந்து 26-ல் 18 பந்துகளைச் சரியாகச் சேர்த்தார். ஆட்டம் தோல்விதான். ஆனால் அன்று இரவே அணிக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெஞ்ச் இப்போது இல்லை. 2011 உடன்படிக்கை முழுக் கவசத்தோடு நடக்கும் பயிற்சிகளை ஒரு சீசனுக்கு 14 என்று சுருக்கியது. 2021-ல் சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாயின. இருக்கும் பயிற்சி நேரம் ஏறக்குறைய முழுவதும் முதல் குவார்ட்டர்பேக்குக்கே போகும். ஜோர்டன் லவ்வுக்கு 2020-ல் கொரோனாவால் சீசனுக்கு முந்தைய ஆட்டமே நடக்கவில்லை. அந்த ஆண்டு அவர் மூன்றாவது ஆள். ஆகவே வாரிசை எடுக்கும் அணி அவனுக்கான பயிற்சிப் பந்துகளைத் தனியாகத் திட்டமிட வேண்டும். கான்சஸ் சிட்டி 2017-ல் பேட்ரிக் மஹோம்ஸுக்குச் செய்தது நல்ல உதாரணம். பிரிவுப் பட்டம் உறுதியானதும், கடைசி ஆட்டத்தில் மூத்தவர் அலெக்ஸ் ஸ்மித்துக்கு ஓய்வு கொடுத்து டென்வரில் பையனை இறக்கினார்கள். வென்றான். ஸ்மித் அந்த ஆண்டு தன் வாழ்நாளிலேயே நன்றாக ஆடியிருந்தும், சீசன் முடிந்த சில வாரங்களில் அவரை வாஷிங்டனுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மஹோம்ஸை உட்காரவைக்கவில்லை.

ஸ்மித் பெரிய மனதுக்காரர், பையனுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். எல்லாப் பெரியவரும் அப்படி இருப்பார் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடக் கூடாது. கற்றுக்கொடுக்கப் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பெரியவருக்குத் தெரியாமல் செய்வது

2020-ல் லவ்வை எடுக்கப்போவதை ராட்ஜர்ஸுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கசப்பு 2021 கோடை முழுவதும் வெளியே வந்தது. அதைப் பார்த்தும் 2024-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் மார்ச்சில் கிர்க் கசின்ஸுக்கு நான்கு வருடம், 18 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து, அதில் 10 கோடிக்கு உத்தரவாதமும் தந்துவிட்டு, ஏப்ரலில் எட்டாவது தேர்வாக மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. தேர்வு அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன்புதான் கசின்ஸுக்குத் தகவல் போயிற்று. டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார். இங்கே மரியாதைக் குறைவைவிடப் பெரிய தவறு பணம்: ஒரே இடத்துக்கு இரண்டு விலை. மலிவான வாரிசால் கிடைக்கும் ஒரே லாபத்தையும் மூத்தவரின் உத்தரவாதம் தின்றுவிட்டது.

கதவைப் பாதி திறந்து வைப்பதும், முதல் வருடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதும்

2008 மார்ச்சில் ஃபார்வ் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். ஜூலையில் மனம் மாறித் திரும்பி வர நினைத்தார். பேக்கர்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகஸ்டில் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பியது. பயிற்சி முகாமில் சொந்த ரசிகர்களே ராட்ஜர்ஸைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அந்த ஆண்டு பேக்கர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வி. மறுவருடம் ஃபார்வ் மினசோட்டா வைக்கிங்ஸ் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு முறை பேக்கர்ஸைத் தோற்கடித்தார். வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் 2008 டிசம்பரிலேயே ராட்ஜர்ஸ் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த சீசனில் அவர் 4,038 கெஜம் எறிந்து 28 டச் டவுன் கொடுத்திருந்தார். தோற்ற ஆட்டங்களில் பலவும் கடைசி நிமிடங்களில் கைநழுவியவை. லவ்வும் 2023-ல் அப்படித்தான். முதல் ஒன்பது ஆட்டங்களில் மூன்றுதான் வெற்றி. முடிவில் 32 டச் டவுன், பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றில் டாலஸை அவர்கள் மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினார்கள்.

கிரீன் பேயிடமிருந்து யாரும் காப்பியடிக்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. ராட்ஜர்ஸிடம் அணியை ஒப்படைத்த அதே 2008 டிராஃப்டில் அவர்கள் இன்னும் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள்: இரண்டாம் சுற்றில் பிரையன் ப்ரோம், ஏழாம் சுற்றில் மேட் ஃப்ளின். பெயர் பெற்று வந்த ப்ரோம் தேறவில்லை. ராட்ஜர்ஸுக்கு அடுத்த ஆளாக நிலைத்தவர் 209-வதாக எடுக்கப்பட்ட ஃப்ளின்தான்.