செயற்கைக்கோள் படத்தில் தாது தேடுவது எப்படி?

தங்கமோ செம்போ செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அதில் பதிவாவது நிலத்தின் மேற்பரப்பு மட்டும்தான். ஆகவே தாதுவைச் சுற்றி மாறிப்போன பாறையைத் தேடுகிறோம். விரிசல்கள் வழியே ஏறிய வெந்நீர், பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை கயோலினைட் என்ற களிமண் கனிமம், அலுனைட் போன்றவையாக மாற்றிவிடும். இவை 2.2 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். கூடவே படிந்த பைரைட் என்ற இரும்புக் கனிமம் காற்றும் மழையும் பட்டுத் துருவேறும். அந்தத் துரு நீல ஒளியை விழுங்கும்.

பழகுவதற்கு மரம், செடி குறைந்த வறண்ட இடமே நல்லது. அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள கியூப்ரைட் இதற்குப் பேர்போனது.

படி 1: படம் இறக்குதல்
யுஎஸ்ஜிஎஸ் என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, லேண்ட்சாட் 8 அல்லது 9 செயற்கைக்கோளின் கலெக்‌ஷன் 2, லெவல் 2 படத்தை எடுங்கள். மேகம் இருக்கக் கூடாது. 2, 4, 5, 6, 7 ஆகிய பேண்டுகள் (ஒவ்வொன்றும் ஒரு அலைநீளப் பட்டையில் எடுத்த படம்) போதும்.

படி 2: எண்களைச் சரிசெய்தல்
பலரும் தாண்டிப் போவது இதைத்தான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ராஸ்டர் கால்குலேட்டரில் (படங்களைக் கணக்கிடும் கருவி) ஒவ்வொரு பேண்டையும் 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழியுங்கள். அடுத்த படியில் ஒரு பேண்டை இன்னொன்றால் வகுக்கும்போது பெருக்கெண் அடிபட்டுப்போகும், கழிக்கும் 0.2 அடிபடாது. அதை விட்டால் விகிதங்கள் எல்லாமே பிசகும்.

படி 3: வகுத்தல்
6-ஆம் பேண்டை, 2.2 மைக்ரானை ஒட்டிய 7-ஆம் பேண்டால் வகுத்தால் களிமண் வகைகள் பளிச்சிடும். 4-ஆம் பேண்டை, நீல ஒளியைப் பதியும் 2-ஆம் பேண்டால் வகுத்தால் இரும்புத் துரு தெரியும். மலைச்சரிவின் வெயில், நிழல் வேறுபாடும் வகுத்தலில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

படி 4: செடிகொடிகளை நீக்குதல்
இலையிலுள்ள நீரும் 7-ஆம் பேண்டை உறிஞ்சும் என்பதால் புதர்க்காடுகூடக் களிமண் வேடம் போடும். 5, 4-ஆம் பேண்டுகளைக் கொண்டு (5−4)/(5+4) கணக்கிட்டு, 0.2-க்கு மேல் வரும் பிக்சல்களை (படத்தின் சிறு கட்டங்களை) மறையுங்கள். அந்த எல்லை இடத்துக்கு இடம் மாறும். கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

படி 5: வண்ணம்
6/7-ஐச் சிவப்பிலும் 4/2-ஐப் பச்சையிலும் 5-ஆம் பேண்டை நீலத்திலும் வையுங்கள். களிமண்ணும் துருவும் சேர்ந்த இடம் மஞ்சள் சாயலில் வரும்.

படி 6: சந்தேகப்படுதல்
மஞ்சளைக் கண்டதும் துள்ள வேண்டாம். சாதாரண செம்மண்ணிலும் துரு உண்டு. மழையில் மக்கிய பாறையும் கயோலினைட் தரும். புவியியல் வரைபடத்தை மேலே போட்டுப் பாருங்கள். பிளவுக்கோட்டை ஒட்டியோ எரிமலைப் பாறையின் ஓரமாக வளையம்போலவோ நிறம் திரண்டிருந்தால் மதிப்பு அதிகம். ஆற்றுப்படுகையில் சிதறிக் கிடந்தால் அடித்துவந்த வண்டலாக இருக்கலாம். ஒரு பிக்சலின் பக்கம் தரையில் 30 மீட்டர், குறுகிய தாதுநாளம் அதில் கரைந்துபோகும். கடைசி விடை களத்தில் எடுத்த கல்லின் ஆய்வகச் சோதனையில்தான்.

அலுனைட்டையும் செரிசைட் என்ற மைக்கா வகையையும் பிரித்தறிய லேண்ட்சாட் போதாது. அதற்கு டெர்ரா செயற்கைக்கோளிலுள்ள ஆஸ்டர் கருவியின் ஆறு குற்றலை அகச்சிவப்பு பேண்டுகள் உதவும். அந்தப் பகுதி 2008 ஏப்ரலில் பழுதானதால், அதற்கு முந்தைய படங்களையே தேடுங்கள்.