முதல் புத்தகம் வந்தாச்சு, வேலையை விடலாமா? ஒரு மில் கணக்காளரின் யோசனை

கதை எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது கதையைப் பற்றி இருப்பதில்லை. "அக்கா, வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்பதுதான் கேள்வி. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மூன்று சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அதனால் கேள்வி முடிவதற்குள் கை கால்குலேட்டருக்குப் போய்விடும்.

உங்கள் புத்தகம் டெமி அளவு (வழக்கமான கதைப் புத்தக அளவு), ஃபாரத்துக்கு 16 பக்கம் வீதம் பத்து ஃபாரம், அதாவது 160 பக்கம், விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ராயல்டி பத்து சதவீதம். பிரதிக்கு 20 ரூபாய். முன்பெல்லாம் முதல் பதிப்பு என்றாலே ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிப்பார்கள். இப்போது பி.ஓ.டி. (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) இருப்பதால் நூறு, இருநூறு என்று தேவைக்குத் தகுந்தபடி அடித்துக்கொள்கிறார்கள். 300 பிரதி விற்றால் உங்கள் பங்கு 6,000 ரூபாய். மாதம் 25,000 ரூபாயில் குடும்பம் ஓட வேண்டுமென்றால் வருடத்துக்கு 15,000 பிரதி விற்க வேண்டும். அதுவும் ஒரு வருடம் விற்றால் போதாது, வருடா வருடம் விற்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பதிப்பாளர் மேல் கோபம் வரும். அவர் பக்கத்தையும் பாருங்கள். அந்த 200 ரூபாயில் 35, 40 சதவீதம் வரை விற்பனையாளருக்குக் கழிவாகப் போகிறது. புத்தகக் காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, அரங்கு வாடகை வேறு. மீதியில் தாள், அச்சு, அட்டை, பிழைதிருத்தம், கிடங்கு எல்லாம் பார்க்க வேண்டும். நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு, கிடைத்தால் மூச்சு விடலாம். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், ஆனால் அந்தப் பணம் எந்த வருடம், யாருடைய புத்தகமாக அலமாரிக்கு வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, பதிப்பாளர் கையிலும் இல்லை. வராத ஆணையை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

ஆகவே வேலையை விடாதீர்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திக்கொண்டு எழுதினார். வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார். வேலை இவர்களுடைய எழுத்தைக் கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வேலையை வைத்துக்கொண்டு எழுத்தை எங்கே செருகுவது என்பதுதான் மிச்சமுள்ள பிரச்சினை.

நாள் பார்த்து எழுதுங்கள்

"தினமும் எழுது" என்று சொல்பவர்களுக்குக் கணக்குப்பிள்ளை வேலை தெரியாது. எங்களுக்கு மாதம் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாட்களில் நான் எழுத்தாளர் கிடையாது. 21 முதல் மாதக் கடைசி வரை காலை ஐந்திலிருந்து ஆறே கால் வரை எழுதுவேன். மார்ச்சிலும் ஏப்ரலிலும் வருடக் கணக்கு முடிக்கும் வேலை இருப்பதால் அதுவும் இல்லை, படிப்பு மட்டும்தான். உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு மாத ஓட்டம் இருக்கும். ஆசிரியருக்குத் தேர்வு மாதம், ஜவுளிக்கடைக்காரருக்கு ஆடியும் தீபாவளியும். ஒரு காலண்டரை எடுத்து முதலில் எழுத முடியாத நாட்களை அடித்துவிடுங்கள். மிச்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அதை நம்பலாம். அடித்த நாட்களில் எழுதவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

தனிக் கணக்கு

எழுத்துக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ராயல்டி, பத்திரிகைச் சன்மானம், பேசப் போன இடத்தில் கொடுத்த பணம் எல்லாம் அதில் விழட்டும். எழுத்துக்கான செலவு முழுக்க அதிலிருந்துதான் போக வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட், திருவல்லிக்கேணியில் அறை வாடகை, அங்கே வாங்கும் புத்தகம், வெளியீட்டு விழா, கூரியர், எல்லாமே. கணக்கில் பணம் இல்லையா, அந்த வருடம் சென்னை இல்லை. வீட்டுப் பணத்தில் கை வைப்பதில்லை என்ற இந்த ஒரு விதிதான் எங்கள் வீட்டில் என் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. "இதுல எவ்வளவு வரும்?" என்று என் மாமியார் கேட்டபோது பாஸ்புக்கையே காட்டினேன். பார்த்துவிட்டு, "செலவு வைக்கலைல்ல, எழுது" என்றார். எந்த விமர்சகரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80க்யூக்யூபி பிரிவில் இலக்கிய நூல்களின் ராயல்டிக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பதிப்பாளரிடம் 10சிசிடி படிவம் வாங்க வேண்டும், பழைய வரிமுறையில் இருந்தால்தான் கிடைக்கும். 2026 ஏப்ரலிலிருந்து புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்தைத் தாண்டிவிடுமோ என்ற கவலை உங்களுக்கு வந்தால் எனக்கும் சொல்லுங்கள், சந்தோஷப்படுகிறேன்.

கையெழுத்துக்கு முன்

தமிழில் நிறையப் புத்தகங்கள் வாய்ப்பேச்சில்தான் வெளிவருகின்றன. "நமக்குள்ள என்னங்க ஒப்பந்தம்" என்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடுதான் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும்.

ஒரு பக்கத் தாள் போதும். அதில் அச்சுப் புத்தகம் மட்டும் என்று எழுதுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக் கணக்கு வருடத்தில் எந்த மாதம் வரும் என்று கேட்டு எழுதுங்கள். பி.ஓ.டி.யில் 'பதிப்பு' என்பதற்கே எல்லை கிடையாது, எப்போது வேண்டுமானாலும் பத்துப் பிரதி அடிக்கலாம். அதனால் எத்தனை அடித்தார்கள் என்பதை எழுத்தில் கேட்கும் உரிமை அவசியம். என் தொகுப்பு ஒன்றுக்கு இரண்டு வருடமாகக் கணக்கு வரவில்லை. ஒப்பந்தத்தில் மாதம் எழுதியிருந்ததால் அந்த வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பினேன். சண்டை இல்லாமல் பணம் வந்தது.

மின்னூலை நீங்களே அமேசானின் கிண்டிலில் போடலாம். தமிழுக்கு 2016 கடைசியிலிருந்து வழி இருக்கிறது. இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களுடைய கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த மின்னூலை 90 நாள் வேறெங்கும் விற்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம்.

காசு கட்டிப் புத்தகம் போடச் சொல்லும் இடங்களில் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் அது இலவசம்.

எதை விடுவது

வேலையையும் விட முடியாது, வீட்டையும் விட முடியாது. அப்படியென்றால் நேரம் எங்கிருந்து வரும்? என் அனுபவத்தில் எழுத்தாளரின் நேரத்தைத் தின்பது எழுத்து இல்லை, எழுத்தைச் சுற்றியிருக்கும் சடங்குகள். வெளியீட்டு விழா, மதிப்புரைக் கூட்டம், வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துக்கு நன்றி, நன்றிக்குப் பதில் நன்றி. நான் குழுக்களிலிருந்து வெளியே வந்தேன். புத்தகத்தைப் படித்திருந்தால் மட்டும் விழாவுக்குப் போவேன். அணிந்துரை எழுதுவதில்லை. ஐந்து பிரதியும் நுழைவுக் கட்டணமும் கேட்கும் விருதுகளுக்கு அனுப்புவதில்லை. சிலருக்கு வருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமைகள் அம்மாவுக்குத் திரும்பக் கிடைத்தன. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்குத் தெருமுனை வரை நடக்க ஒரு கை வேண்டியிருந்தது. பொன்னாடைக்கு அந்தக் கையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உடம்பையும் பாருங்கள். பகலெல்லாம் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு, விடிந்தால் கதை என்றால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். முதல் வரைவைக் கையால் எழுதுங்கள்.

உறவுக்காரர்களின் வாழ்க்கையை எடுத்து எழுதுகிறீர்களா? அச்சுக்கு முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அனுமதி வாங்கினால் கதை கெட்டுப்போகும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன அத்தையின் கல்யாணத்தை வைத்து எழுதிய கதையை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். "பேரை மாத்து, ஊரை மாத்தாதே. தளவாய்புரம்னே இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் எழுந்து போனது அப்பளத்துக்காக இல்லை, உட்காரவைத்த வரிசைக்காக என்று திருத்தமும் சொன்னார். கதை அந்தத் திருத்தத்தில்தான் நின்றது.

உயில்

இதை யாரும் செய்வதில்லை. நீங்கள் போன பிறகும் 60 வருடம் உங்கள் எழுத்துக்கு உரிமை உண்டு. அந்த 60 வருடமும் மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு வாரிசு நாலு ஊரில் இருந்தால் புத்தகம் அச்சுக்குப் போகாது. யாரும் அச்சிடலாம் என்று அரசு உங்கள் நூல்களை நாட்டுடைமையாக்கினாலும், அதற்குத் தரும் பரிவுத்தொகை வாரிசுகளுக்குத்தான் போகும், அங்கேயும் யார் வாரிசு என்ற கேள்வி வரும். என் மகளிடம் கேட்டபோது, "பரண்ல இருக்கிற காப்பி வேண்டாம், உரிமையை மட்டும் எழுதிக் குடும்மா" என்றாள். உயிலை வெள்ளைத்தாளில் எழுதலாம். உயில் எழுதுபவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். உரிமை பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.