காதுக் குறும்பியை எடுக்க மருத்துவரிடம் போவதற்கு முன் தயாராவது எப்படி?

காதில் குறும்பி சுரப்பது நோயன்று. காதுக்குழாயின் வெளிப்பகுதியில் சுரக்கும் அது, தூசியைப் பிடித்துக்கொண்டு, குழாயின் தோல் மெல்ல வெளிநோக்கி நகரும்போது கூடவே வெளியேறிவிடும். பட்ஸ், ஹேர்பின், சாவி என்று கையில் கிடைத்ததைக் கொண்டு குடையும்போதுதான் பெரும்பாலும் உள்ளே தள்ளப்பட்டு இறுகிப்போகிறது. அடைப்பு, இரைச்சல், காது மந்தம் போன்ற தொல்லை இருந்தால் மட்டும் அதை எடுத்தால் போதும்.

முதல் படி, குடைவதை அறவே நிறுத்துவது. காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும், மெழுகுக் குழலைக் காதில் செருகிக் கொளுத்துவதும் சூட்டுக்காயத்தைத் தரலாம்.

இரண்டாம் படி, குறும்பியை இளக்குவது. சந்திப்புக்கு முந்தைய 3 முதல் 5 நாட்களுக்கு, மருத்துவர் எழுதித் தந்த சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தையோ ஆலிவ் எண்ணெயையோ பயன்படுத்தலாம். பாட்டிலை உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்துக் குளிர்ச்சியைப் போக்கிய பின், அடைத்த காது மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் சொட்டுகளை விட்டு, 5 நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். குறும்பி ஊறி உப்புவதால் அடைப்பு முன்னிலும் கூடியதுபோல் தோன்றலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் காதில் வலியோ சீழோ இருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருப்பதாக ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தாலும் சொட்டு மருந்தைத் தாமாகத் தொடவே கூடாது.

மூன்றாம் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காதில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, நீரிழிவு, ரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, ஒரு காது மட்டுமே கேட்கும் நிலை ஆகியவற்றை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எந்த முறையில் எடுப்பது என்பதை இவையே பெரிதும் முடிவு செய்கின்றன.

செவிப்பறை நலமாக இருந்தால், உடல் சூட்டுக்கு இணையான, அதாவது ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். நீர் அதைவிடக் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் உட்காதின் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டுத் தலைசுற்றும். ஓட்டை இருப்பவர்களுக்கு, நுண்ணோக்கியால் பார்த்தபடியே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் முறை ஏற்றது. அதன் இரைச்சல் காதுக்குள் பலமாகக் கேட்கும் என்பதை முன்னதாக அறிந்திருந்தால் தலையை வெடுக்கென்று அசைக்க மாட்டோம். கெட்டியான துண்டைச் சிறு கொக்கியால் எடுப்பதும் உண்டு. காதுக்குழாயைத் தொட்டதும் சிலருக்கு இருமல் வருவது, தொண்டைக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று அங்கே ஓடுவதால்தான். இருமல் வருவதுபோல் இருந்தால் கையை உயர்த்தினால் மருத்துவர் கருவியை வெளியே எடுத்துவிடுவார்.

எடுத்த பின் சில நாட்கள் காதில் நீர் புகாமல் குளிக்க வேண்டும். வலி கூடினாலோ, நீரோ ரத்தமோ வடிந்தாலோ, தலைசுற்றல் அடங்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும்.