கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியைப் பறிக்காதீர்கள்

வேலூர் பக்கம் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில் விடும்போது, அவரைக் கண்காணிப்பது எங்கள் வேலை. புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை முதலில் படியுங்கள். கண்காணிப்பது மட்டுமல்ல, அவர்களுக்கு வேலை கிடைக்க முயல்வதும் நம் கடமை.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனிக்குப் போகும் பையனை வேலைநாளில் கையெழுத்துப் போட வேலூருக்கு வரச்சொன்னால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அப்படி வேலையையே இழந்த ஒருவன் என் கண் முன்னால் அழுதிருக்கிறான், இன்னும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களே பையன் வீட்டுக்குப் போங்கள். ஜீப்பைத் தெருமுனையில் விட்டுவிடுங்கள், அக்கம்பக்கத்தில் விசாரிக்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று தொடங்கி அம்மாவிடமும் பேசுங்கள். குடி, கடன், பழைய கூட்டாளி எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

ஒருமுறை வராவிட்டால் உடனே நீதிமன்றத்துக்கு எழுதாதீர்கள், காரணம் கேளுங்கள். நிபந்தனை பொருந்தவில்லையா? 8ஆம் பிரிவின்படி மாற்றக் கேட்கலாம். ஒழுங்காக இருப்பவருக்கு, அவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த பிணைப்பத்திரத்தையே முன்கூட்டி விடுவிக்கவும் அதே பிரிவில் நாமே மனு போடலாம். பலர் இதைச் செய்வதேயில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

தொரப்பாடி சிறையிலிருந்து பரோலில் வருபவர் வீட்டுக்கும் இதே முறைதான். முதல் நாளே திரும்ப வேண்டிய தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுங்கள்.