வெளிநாட்டில் வாடகைக் கார்: டோல் பில் உங்களைத் தேடி வருவதற்கு முன்

கிருஷ்ணகிரி டோல்கேட்டையும் தொப்பூருக்குப் பக்கத்திலுள்ள பாளையம் டோல்கேட்டையும் அடிக்கடி கடக்கிறவர்களுக்கு டோல் என்றால் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், ஒரு 'பீப்', போனில் ஒரு மெசேஜ். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு இது கைப்பழக்கமாகிவிட்டது. பணம் நம் கணக்கிலிருந்துதான் போகிறது, எவ்வளவு போனது என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்தால் இந்த இரண்டுமே இல்லை. டேக் இருந்தாலும் அது கம்பெனியின் டேக். பல ஊர்களில் தடுப்புக் கம்பியே கிடையாது; தலைக்கு மேலே கேமரா மட்டும் இருக்கும், நீங்கள் டோலைக் கடந்ததே உங்களுக்குத் தெரியாது. நம்பர் பிளேட் படமாகும், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு, அதாவது வாடகைக் கம்பெனிக்கு, நோட்டீஸ் போகும். கம்பெனி உங்கள் விவரத்தை எடுத்துக் கொடுக்கும், அந்த வேலைக்கு என்று ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் பிடித்துக்கொள்ளும். டோல் சொற்பமாக இருக்கும். இந்தக் கட்டணம்தான் பெரிதாக இருக்கும். ஆகவே எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: இந்த டோல் யார் கணக்கில் ஏறப்போகிறது என்று சாவி வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கலாம். பாரிவாகன் தளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. உங்கள் லைசென்ஸ் எந்த அலுவலகத்துடையது, தர்மபுரியா, கிருஷ்ணகிரியா, ஓசூரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசல் லைசென்ஸையும் கூடவே எடுத்துப் போங்கள், அனுமதி மட்டும் தனியாகச் செல்லாது.

அடுத்தது கார்டு. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுக் கடைப் பயன்பாடு, ஆன்லைன், தொட்டுக் கட்டுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து விடுங்கள். வாடகைக் கம்பெனி முன்பணம் பிடித்து வைக்க உங்கள் பெயரிலுள்ள கிரெடிட் கார்டைத்தான் பெரும்பாலும் கேட்கும். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் சில கம்பெனிகள் வாங்குவதில்லை, ஆளில்லாத டோல் மெஷின்கள் சிலவும் ஏற்பதில்லை. இரண்டு வெவ்வேறு வங்கிக் கார்டுகளும் அந்த ஊர்ப் பணத்தில் கொஞ்சம் சில்லறையும் கையில் இருப்பது நல்லது.

ஓடிபி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டோலை இணையத்தில் கட்டும்போது நம் கார்டுக்கு ஓடிபி கேட்கும், அது இந்திய எண்ணுக்குத்தான் வரும். விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கிவிட்டு இந்திய சிம்மைக் கழற்றிவைத்தால் டோல் கட்டும் கெடு ஓடிக்கொண்டிருக்கும், ஓடிபி வராது. இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டு, மெசேஜ் வருகிறதா என்று இறங்கியவுடனே பாருங்கள். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் தொல்லையே இல்லை.

கவுண்டரில்

கூட்டத்தில் அவசரப்படுத்துவார்கள். அதற்காக இந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். வண்டியில் டோல் டேக் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு டோலுக்கும் சேவைக் கட்டணம் உண்டா, நாளுக்கு இவ்வளவு என்றா? நாள் கணக்கு என்றால், டோல் கடந்த நாளுக்கு மட்டுமா, ஒரு டோலைக் கடந்தாலும் வாடகை நாள் முழுவதற்குமா? டேக் வேண்டாம் என்றால் நானே கட்டலாமா? நோட்டீஸ் வந்தால் உங்கள் நிர்வாகக் கட்டணம் எவ்வளவு? பதில் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியிடம் போனதும் மூன்று படங்கள் போதும்: நம்பர் பிளேட், நேரமும் கிலோமீட்டரும் தெரியும்படி டேஷ்போர்டு, முன்கண்ணாடியில் டேக் இருக்கும் இடம். நம்பரை எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறிப்போய் வேறொருவர் வண்டிக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. அப்படிக் கட்டினால் உங்கள் டோல் அப்படியே நிலுவையில் நிற்கும்.

அமெரிக்கா

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி. இங்கே ஒரே டேக் நாடு முழுவதும் ஓடாது. கிழக்குப் பக்க மாநிலங்கள் பலவற்றில் ஈஸிபாஸ், கலிபோர்னியாவில் ஃபாஸ்ட்ராக். ஈஸிபாஸ் கலிபோர்னியாவில் வேலை செய்யாது. மாசசூசெட்ஸ் மாநிலம், பென்சில்வேனியா டர்ன்பைக் சாலை, நியூயார்க் த்ரூவே சாலை எல்லாவற்றிலும் ரொக்கம் வாங்குவது நின்றுவிட்டது. கோல்டன் கேட் பாலத்தில் 2013-லேயே நின்றது.

பல வாடகைக் கார்களில் பின்காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒட்டியிருக்கும். உள்ளே டேக், அதற்கு ஒரு நகரும் மூடி. மூடியைத் திறந்தால், அல்லது டேக்கை வெளியே இழுத்தால், அது வேலை செய்யத் தொடங்கும். முழுக்க மூடாமல் பாதியில் விட்டாலும் டோல் படிக்கப்பட்டுவிடும், கம்பெனியின் திட்டத்தில் நீங்கள் சேர்ந்ததாகக் கணக்காகும். ஆகவே வண்டி எடுத்தவுடன் விரலால் நன்றாக அழுத்தி மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் பெட்டியை மூடினால் டோல் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். கேமரா மட்டும் உள்ள சாலையில் நம்பர் பிளேட்டை வைத்தே பில் கம்பெனிக்குப் போகும், அதுவும் அதே கட்டணத்தோடு திரும்பி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 6 டாலர் வீதம் 10 நாள் வாடகை என்றால், ஒரே ஒரு பாலத்தைக் கடந்ததற்கு 60 டாலர் சேவைக் கட்டணம், டோல் தனி. சில கம்பெனிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, சில டோல் கடந்த நாளுக்கு மட்டும் எடுக்கின்றன. அதனால்தான் கவுண்டரிலேயே கேட்கச் சொல்கிறோம்.

மகனோ மகளோ அங்கேயே இருந்தால் மலிவான வழி அவர்கள் டேக்கை வாங்கி மாட்டுவது. அவர்களுடைய கணக்கில் வாடகைக் காரின் நம்பரை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனியின் டேக் பெட்டி மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு டேக்கிலும் பணம் போகும். வண்டியை விட்ட அன்றே நம்பரை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் அடுத்து அந்த வண்டியை எடுப்பவரின் டோலும் உங்கள் பிள்ளை கணக்கில் ஏறும்.

டேக்கே இல்லையென்றால், சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் பாலங்களுக்கு ஃபாஸ்ட்ராக் தளத்தில் ஒருமுறைக் கட்டணம் உண்டு. கடப்பதற்கு முன்பே கட்டலாம், கடந்தபின் 48 மணி நேரத்துக்குள்ளும் கட்டலாம். கோல்டன் கேட்டில் நகரத்துக்குள் வரும் திசைக்கு மட்டும்தான் டோல், வெளியே போகும்போது இல்லை. நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் எக்ஸ்பிரஸ் லேன் என்று எழுதிய பாதை காலியாகக் கிடக்கிறதே என்று நுழையாதீர்கள். அது தனி டோல் பாதை, டேக் கணக்கு இல்லாமல் போனால் அபராத நோட்டீஸ்தான் வரும். ஆர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வசதி: வாடகைக் கார்களுக்கென்றே விசிட்டர் டோல் பாஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கண்ணாடியில் தொங்கவிட்டு ஓட்டி, திரும்பும்போது விமான நிலையத்திலுள்ள பெட்டியில் போட்டுவிடலாம்.

துபாய், அபுதாபி

மாம்பழக் கூழ் வியாபாரமாகவோ கல்ஃபுட் உணவுக் கண்காட்சிக்கோ துபாய் போகிறவர்கள் ஷேக் சையத் சாலையைத் தவிர்க்க முடியாது. சாலிக் என்பது அங்குள்ள டோல். 2007-இல் தொடங்கியது, தடுப்பு கிடையாது, சாலைக்குக் குறுக்கே வளைவு மட்டும். 2025 ஜனவரி 31 முதல் நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறுகிறது: வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் 6 திர்ஹாம், மற்ற நேரத்தில் 4, நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக நாள் முழுவதும் 4, அந்த நள்ளிரவு இலவசமும் உண்டு. அல் மம்சார் வடக்கு, தெற்கு வளைவுகள் இரண்டையும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே திசையில் கடந்தால் ஒரு கட்டணம்தான், அல் சஃபா வடக்கு, தெற்குக்கும் அப்படியே. பில்லில் இரண்டாகப் போட்டிருந்தால் கேளுங்கள்.

வாடகை வண்டியில் கம்பெனியின் சாலிக் டேக் இருக்கும். கடந்த எண்ணிக்கைக்கு ஏற்ப, கொஞ்சம் சேவைக் கட்டணமும் சேர்த்து முன்பணத்தில் கழிப்பார்கள். அதை ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் கடந்த நேரங்கள் கையில் இருக்க வேண்டும். கூகுள் மேப்ஸில் டைம்லைனை இயக்கி வைத்தாலே போதும். அபுதாபிக்குப் போனால் அங்கே தார்ப் என்ற தனி டோல். நெரிசல் நேரத்தில் மட்டும் 4 திர்ஹாம், சாலிக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மலேசியா, சிங்கப்பூர்

கோலாலம்பூரில் எடுத்து ஈப்போ, பினாங்கு என்று வடக்கே போனால் பிளஸ் நெடுஞ்சாலை. அங்கே ரொக்கம் வாங்கமாட்டார்கள். டச் அண்ட் கோ கார்டு வேண்டும். வண்டியோடு கார்டு தருகிறார்களா என்று கேளுங்கள்; தந்தால் அதில் எவ்வளவு மீதி என்று இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கிலோ கடையிலோ வாங்கலாம்.

நுழையும்போது கார்டால் ஒரு தட்டு, வெளியேறும்போது அதே கார்டால் இன்னொரு தட்டு. நுழைவில் ஒரு கார்டு, வெளியில் வேறொரு கார்டு என்றால் தூரம் கணக்காகாது, அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். பணம் குறைந்தால் கம்பி திறக்காது, பின்னால் வரிசை நிற்கும், டோல்கேட்டிலேயே ஏற்ற முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். கிளம்பும் முன்பே போதுமான தொகை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆர்எஃப்ஐடி என்று எழுதிய பாதை நம் ஃபாஸ்டேக் பாதை மாதிரி. வண்டியில் ஸ்டிக்கர் இல்லாமல் கார்டோடு அதில் போனால் மாட்டிக்கொள்வீர்கள். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும் டோல்.

சிங்கப்பூரில் ஈஆர்பி என்ற மின்னணு டோல். வண்டிக்குள் இருக்கும் கருவியே கழித்துக்கொள்ளும், அதில் பணமுள்ள கார்டு இருக்கிறதா, யார் ஏற்றுவது என்பதை மட்டும் கேட்டால் போதும். சிங்கப்பூர் வாடகை வண்டியை ஜொகூருக்குக் கொண்டுபோக கம்பெனியின் எழுத்து அனுமதி வேண்டும்.

ஐரோப்பா

ஓசூர் கம்பெனிகளிலிருந்து ஜெர்மனிக்கு வேலையாகப் போகிறவர்கள் அதிகம். ஜெர்மனியில் காருக்கு டோல் கிடையாது. வாரக்கடைசியில் எல்லை தாண்டும்போதுதான் சிக்கல். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் டோல்கேட்டுக்குப் பதில் வின்யெட் என்ற அனுமதி வாங்க வேண்டும், எல்லைக்கு முன்னாலேயே. சுவிட்சர்லாந்தில் நாள் பாஸ் கிடையாது. ஒரு நாள் ஓட்டினாலும் 40 ஃபிராங்க். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், வின்யெட் விலை தனி. இப்போது இரண்டு நாட்டிலும் நம்பர் பிளேட்டோடு இணைத்து இணையத்தில் வாங்கலாம், ஆகவே வண்டி கைக்கு வந்த பிறகுதான் வாங்க முடியும். தொடங்கும் தேதியைச் சரியாகப் போடுங்கள். சுவிஸிலேயே எடுத்த வண்டியில் ஏற்கெனவே இருக்கும். ஆஸ்திரியாவின் பிரென்னர் சாலைக்கு வின்யெட் போதாது, தனி டோல்.

இத்தாலியில் நுழைவில் டிக்கெட் எடுத்து வெளியேறும்போது கட்ட வேண்டும். டிக்கெட் தொலைந்தால் மிகத் தொலைவான நுழைவிலிருந்து கணக்கிடுவார்கள். மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று மட்டும் எழுதிய பாதை அந்த ஊர் டேக் உள்ளவர்களுக்கு, அதற்குள் போகாதீர்கள். கையும் காசும் வரைந்த வெள்ளைப் பலகை ரொக்கத்துக்கு, நீலப் பலகை கார்டுக்கு. தவறான பாதையில் நுழைந்துவிட்டால் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, அது பெரிய குற்றம். உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கார்டு வேலை செய்யாவிட்டால் மெஷின் ஒரு சீட்டு தரும், கம்பி திறக்கும். அந்தச் சீட்டிலுள்ள தொகையை 15 நாளுக்குள் கட்ட வேண்டும். இலவசமாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதைக் கசக்கி எறிந்தால்தான் நோட்டீஸ் வரும்.

பிரான்சில் பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14 சாலைகளில் டோல்கேட்டை எடுத்துவிட்டார்கள். கேமராதான், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். டப்ளினைச் சுற்றும் எம்50-க்கு மறுநாள் இரவு 8 மணி வரை, லண்டன் பக்கத்து டார்ட்ஃபோர்ட் கடவைக்கு மறுநாள் நள்ளிரவு வரை கெடு. அங்கே கட்டியதும் வரும் ரசீதைச் சேமித்து வையுங்கள்.

ஜப்பான், ஆஸ்திரேலியா

ஜப்பானில் வாடகைக் கடையில் இடிசி என்ற டோல் கார்டு கேட்டு வாங்கலாம். நாவல் நிறப் பலகைப் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்துப் போக வேண்டும். கார்டு இல்லையென்றால் பச்சைப் பலகைப் பாதையில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வெளியேறும்போது கட்டலாம். ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்களில் ரொக்கம் இல்லை. லிங்க்ட் என்ற டோல் ஆப்பில் வாடகை வண்டி நம்பரைப் போட்டுப் பாஸ் எடுப்பது எளிது.

வண்டியை விட்ட பிறகு

டோல் பில் வாரங்கள் கழித்தும் வரும். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கார்டை மூடிவிடாதீர்கள். பணம் பிடிக்க முடியாமல் போனால் கடன் வசூல்காரரிடம் போய்விடும். ரசீதுகளையும் முதல் நாள் எடுத்த படங்களையும் குறைந்தது மூன்று மாதம் வைத்திருங்கள்.

பில் வந்ததும் நான்கைப் பாருங்கள்: நம்பர் சரிதானா, நாளும் நேரமும் வாடகை நேரத்துக்குள் இருக்கிறதா, ஒரே கேட் டேக்கிலும் பிளேட்டிலுமாக இரண்டு முறை வந்திருக்கிறதா, நீங்களே கட்டியது மறுபடி சேர்ந்திருக்கிறதா. தவறு இருந்தால் ரசீதை இணைத்துக் கம்பெனிக்கு மெயிலில் எழுதுங்கள், போனில் பேசிவிட்டு விடாதீர்கள். நிர்வாகக் கட்டணத்தையும் திருப்பக் கேளுங்கள், டோலை மட்டும் திருப்பித் தந்துவிட்டு அதை விட்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் அதே மெயிலோடு உங்கள் வங்கியில் அந்தப் பிடித்தத்தை மறுத்துப் புகார் கொடுக்கலாம். வங்கி அதற்கு ஒரு கெடு வைத்திருக்கும், அதற்குள் கொடுத்துவிடுங்கள்.